பணிக்கர் குறித்த நாளும் பழுக்காத திராட்சையும்

பந்தலுக்கு அடியில் நின்று ஒரு பழத்தை நசுக்கிக்கொண்டிருந்தேன். பன்னீர்த் திராட்சை. வெளியிலிருந்து பார்த்தால் கறுத்துப் பளபளவென்று, எல்லாம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சாற்றில் இரண்டு சொட்டை, சர்க்கரை பார்க்கிற கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து. இருபதுக்குக் கிட்டே வந்தால்தான் என் கணக்கில் அது பழம். அதுவரை கறுப்புச் சாயம் பூசிய புளி.

அப்போதுதான் முதலாளி வந்தார். சேகரன் சார். வளைகுடாவில் நெடுங்காலம் இருந்து சம்பாதித்துத் திரும்பியவர். வெள்ளை முண்டு, நெற்றியில் சந்தனம், முகத்தில் பரீட்சை பாஸான பிள்ளையின் சந்தோஷம்.

"மோளே, நாள் கிட்டி!"

"எதுக்கு சார்?"

"வெட்டுக்கு! பணிக்கர் நோக்கிப் பறஞ்சு. வர்ற வியாழாழ்ச்ச, காலத்து ஒன்பதே முக்கால். ஒண்ணாந்தரம் முகூர்த்தம். பத்திரிகைக்காரங்களையும் விளிச்சிருக்கேன்."

நான் கண்ணாடியை அவர் பக்கம் நீட்டினேன். "சார், பதினஞ்சுதான் இருக்கு."

அவர் அதை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"பதினஞ்சு நல்ல நம்பராணல்லோ!" என்றார்.

மூன்று வருஷம் வளர்த்த கொடி. அதன் முதல் முழு மகசூல். இந்தக் கடற்கரையில் விளைந்த பழத்திலிருந்து ஒரு உருப்படியான ஒயின் வருமா, வராதா என்பது அந்த ஒரு வெட்டில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் மகாராஷ்டிரத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டுத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியிருந்தேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து சோழி உருட்டுகிற ஒரு ஜோசியர், பந்தல் பக்கமே வராத ஒருவர், பழம் என்றைக்குப் பழுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கைக்கு எட்டிய குலையை அப்படியே நசுக்கிவிட்டேன்.

உப்புக் காற்றில் ஒரு ஆசை

இந்தத் தோட்டம் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் சேகரன் சாரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏதோ ஒரு வெளிநாட்டில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு கோப்பை குடித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோதான் மூலதனம். ஊருக்கு வந்ததும் நகரத்துக்குத் தெற்கே, கடலுக்கு மேலே ஒரு செம்மண் மேட்டை வாங்கினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். இவர் கம்பத்திலிருந்து லாரியில் திராட்சைக் கன்றுகளை இறக்கினார்.

திராட்சைக்குப் பிடிக்காதது என்ன என்று ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தால் இந்த மேடு கிடைக்கும். வருஷத்தில் பாதி மழை. மழை நின்றால் பூஞ்சாணம். பூஞ்சாணம் அடங்கினால் உப்புக் காற்று வந்து இலையின் ஓரத்தைக் கருக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு குலை தப்பினால் மைனா கொத்தும், மைனாவுக்குத் தப்பினால் வௌவால் பார்த்துக்கொள்ளும்.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது இது நடக்காது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். பிறகு ஏன் வந்தேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வயிற்றெரிச்சல்தான். நடக்காது என்று நான் சொன்ன காரியத்தை வேறு யாராவது வந்து நடத்திக் காட்டிவிட்டால் என்ன செய்வது?

வந்த முதல் காரியமாக மேற்கே சவுக்கு நட்டுக் காற்றைத் தடுத்தேன். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை ஓய்ந்ததும் கவாத்து செய்தால், மார்கழியிலிருந்து பங்குனிக்குள் ஒரே ஒரு மகசூலை மழை படாமல் எடுத்துவிடலாம் என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. கம்பத்தில் வருஷத்துக்கு இரண்டு வெட்டு சர்வசாதாரணம். இங்கே ஒன்று. அந்த ஒன்றும் கோடை மழை வந்து குதிப்பதற்குள் முடிந்தாக வேண்டும்.

மூக்கை உள்ளே விடுகிறவர்கள்

எங்கள் கொடி காய்ப்பதற்கு முன்னால், டாங்கையும் மோட்டாரையும் பழக்குவதற்காகக் கம்பத்துப் பழத்தை வாங்கி ஒரு வெள்ளோட்டம் விட்டேன். சுமாராக வந்தது. சேகரன் சார் அதைத் தன் சிநேகிதர்களுக்குக் கொடுக்க ஒரு மாலை விருந்து வைத்தார். எங்கிருந்து வந்த பழம் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பத்துப் பேர் இருப்பார்கள். கோப்பையைச் சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். அதில் ஒருவர், இந்த விஷயத்தில் படிப்பெல்லாம் படித்தவராம், வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதில் கடல் இருக்கிறது. அந்த உப்பு நாக்கில் கடைசியில் வருகிறது."

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கடலையே பார்த்திராத பள்ளத்தாக்கில் விளைந்த பழம். விருந்துக்கு வைத்த வறுத்த முந்திரியில் உப்புத் தூக்கலாக இருந்தது. அதை அவர் கையளவு அள்ளித் தின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு வகை உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு புகார் இல்லை. "இதில் கிராம்பு போடலியா? கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டில பண்றது இதைவிட நல்லா இனிக்குமே" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. கண்ணை மூடிக்கொள்கிறவர்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

என்னுடைய தத்துவம்

ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வந்த பெண் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் ஒயினின் தத்துவம் என்ன?

"கழுவுவது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டாங்கைக் கழுவுவது, குழாயைக் கழுவுவது, தரையைக் கழுவுவது, கழுவிய தண்ணீர் வடிந்த சாக்கடையைக் கழுவுவது. என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி கையில் பிரஷ்ஷோடுதான் போயிருக்கிறது. ஒயினை நாம் செய்வதில்லை. ஈஸ்ட் செய்கிறது. அதன் வேலையில் வேண்டாதவர்கள் வந்து நுழையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லச் சொன்னால், பழம் பழுக்கும்வரை காத்திரு, பழுத்ததைக் கெடுக்காதே என்பேன். அதற்கு மேல் யாராவது பேசினால் எதையோ விற்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பத்திரிகையில் வந்தபோது, "அலைகளோடு உரையாடும் பெண்" என்று போட்டிருந்தார்கள். அலைகளோடு நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சேகரன் சார் அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டியிருந்தார்.

காத்திருப்பது ஒன்றுதான் நான் கற்ற வித்தை. வியாழக்கிழமை அதையும் பிடுங்கப் போகிறார்கள். முதலாளி நாள் சொல்லிவிட்டுப் போனதும், வெயிலில் நடந்து வண்டியை எடுக்கும்போது ஒரு யோசனை வந்தது. பணிக்கரை வெல்ல இன்னொரு பஞ்சாங்கம் வேண்டும். அது என் வீட்டிலேயே இருந்தது.

ஸ்ரீவராகத்தில்

என் அப்பா வாத்தியார். புரோகிதம். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்த்துக் கொடுத்தவர். அவர் பெண் ஒயின் செய்கிறாள் என்பதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டால், எடுத்துக்கொள்ளவே இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. நான் போனால் அம்மா கிணற்றடியைக் காட்டுவாள். குளித்துவிட்டு உள்ளே வந்தால் சாதம் போடுவாள். உத்தியோகம் எப்படிப் போகிறது என்று இரண்டு பேரும் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை வைத்து நான் நிறைய நாள் மனதுக்குள் பொருமியிருக்கிறேன்.

அன்றைக்கு நேராக அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒரு நாள் பார்க்கணும்."

கண்ணாடியை ஆவலாக எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னவாக்கும் விசேஷம்?"

"திராட்சை வெட்டணும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அந்தக் காரியத்துக்கா?"

"பழம் வெட்டறதுக்குப்பா."

"பழம் வெட்டறதுக்கு நாள் இருக்கு. அதுக்கப்பறம் நீங்கள்ளாம் அதை வச்சுண்டு பண்றதுக்கு சாஸ்திரத்துல நாளே கிடையாது, கேட்டியோ."

"வெட்டறதுக்கு மட்டும் போறும். சர்க்கரை பதினஞ்சுதான் இருக்கு, இருபது வரணும். பணிக்கர் வியாழக்கிழமைன்னு குறிச்சுக் கொடுத்திருக்கார். அது ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு வாரம், பத்து நாள் தள்ளி வேற நாள் கொடுக்கணும். உங்க பேரைச் சொன்னா முதலாளி கேட்டுப்பார்."

அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரல் விட்டு எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பணிக்கர் குறிச்சது நன்னாத்தானே இருக்கு? திதி, நட்சத்திரம் எல்லாம் சரியாக்கும். அதைப் போய் எப்படி ஆகாதுங்கறது?"

"எனக்காகச் சொல்லுங்கோளேன்."

"ஏதோ கண்ணாடி வச்சுண்டு பார்ப்பியாமே, சர்க்கரை எத்தனைன்னு. முருகேசன் சொன்னான். அதுல பதினஞ்சு காட்டறச்சே நீ இருபதுன்னு எழுதிக் கொடுப்பியோ?"

"மாட்டேன்."

"பின்னே?"

முருகேசன் எங்கள் தோட்டத்து மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருக் கோயிலுக்கு வருகிறவன் அப்பாவிடம் என்னைப் பற்றிப் பேசுகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒருவருக்குப் பத்திரிகைக்காரர்கள் வேண்டும், இன்னொருவருக்குத் திதி சரியாக இருக்க வேண்டும், பழத்தைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. வாசல் கதவை எவ்வளவு சத்தமாகச் சாத்த முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டில் என் பெட்டி

மறுநாள் காலையில் அப்பாவே போன் செய்தார். அவர் போன் செய்கிற ஆள் இல்லை.

"நேத்து கோவிச்சுண்டு போயிட்டே."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டாங்கைத் தேய்த்தேன்.

"நீ வடக்கே முதல்ல வேலைக்குக் கிளம்பறச்சே என்ன பண்ணினோம், ஞாபகம் இருக்கோ?"

நன்றாக ஞாபகம் இருந்தது. நான் ரயில் ஏற வேண்டிய நாள் ஆகாத நாளாகப் போயிற்று. டிக்கெட்டை மாற்ற முடியாது. அப்பா அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு ரேழியில் வைத்துவிட்டார். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பெட்டி வீட்டை விட்டுப் போய்விட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. பிறகு என்றைக்கு ரயில் ஏறினாலும் தோஷம் இல்லை. பல் தேய்க்கிற பிரஷ் முதல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ரயில் ஏறும் நாள்வரை காலையில் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்தேன். மைக்ரோபயாலஜியில் பட்டம் வாங்கிய கையோடு இந்தக் கூத்து. வெட்கத்தில் செத்தேன்.

"பெட்டி போனா நீ போன மாதிரி" என்றார் அப்பா. "ஒரு குலை வெட்டினா வெட்டு ஆரம்பிச்ச மாதிரி. வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணை வெட்டி, தோட்டத்துக்கு வெளியில கொண்டு வைக்கச் சொல்லு. மத்தது கொடியிலயே இருக்கட்டும். ஆரம்பிக்கறதுக்குத்தான் முகூர்த்தம். முடிக்கறதுக்கு யாரும் நாள் பார்க்கறதில்லை."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து நீ பொய் சொல்லச் சொன்னாயாக்கும்" என்று போனை வைத்துவிட்டார்.

இது அப்பா சொன்ன வழி என்று சேகரன் சாரிடம் சொன்னேன். அவர் பணிக்கரிடம் ஓடினார். பணிக்கர் யோசித்துவிட்டு, அது சம்மதம்தான், ஆனால் ஒரு நிலவிளக்கு ஏற்ற வேண்டும் என்றார். இவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டியாக வேண்டும்.

வியாழக்கிழமை செண்டை முழங்கியது. சேகரன் சார் வெள்ளிக் கத்தரிக்கோலால் ஒரு குலையை வெட்டி, தாம்பாளத்தில் வைத்து, கேட்டுக்கு வெளியே காவல்காரன் அறைக்குக் கொண்டுபோனார். காமிராக்கள் கூடவே ஓடின. மீதியை ஏன் வெட்டவில்லை என்று ஒருவர் கேட்டார். "அது நம்மடெ கடலோரத்தின் பழைய சம்பிரதாயம்" என்று சேகரன் சார் கூசாமல் சொன்னார். அந்த மேட்டில் அதற்கு முன்னால் திராட்சையே விளைந்ததில்லை.

முருகேசன் என் பக்கத்தில் வந்து நின்றான். "என்னக்கா, இவ்வளவு கூட்டத்தக் கூட்டி ஒரே ஒரு கொலையா? எங்க ஊர்ல சொன்னா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். நீ மைனா வலையைச் சரியாக் கட்டியிருக்கியா பாரு" என்றேன்.

மேகம்

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளைத் தள்ளிப்போட்டது நான். இனி கெட்டுப்போனால் பணிக்கரைத் திட்ட முடியாது. தினமும் காலையில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பழம் நசுக்கிப் பார்த்தேன். பதினாறு ஆயிற்று. அப்புறம் நகரவே இல்லை. அப்புறம் பதினேழு. கிழக்கே மலைப் பக்கம் மத்தியானத்தில் மேகம் திரள்வதும் கலைவதுமாக இருந்தது. சேகரன் சார் தினமும் போனில், "மோளே, மழ பெய்தால்?" என்று கேட்டார். பெய்தால் பழம் நீரைக் குடித்து வெடிக்கும், வெடித்த இடத்தில் அழுகும். அதை அவரிடம் சொல்லவில்லை.

பத்தொன்பது வந்த அன்று காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இருபதுக்குக் காத்திருக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. முருகேசனைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். மதியத்துக்குள் முக்கால்வாசியை உள்ளே சேர்த்துவிட்டோம். பிறகு வந்த மழை, இடியும் காற்றுமாக, கடல் பக்கத்து வரிசைகளை ஒரேயடியாக முடித்துவிட்டது. நனைந்துகொண்டே நின்று வெடித்த பழங்களைப் பார்த்தேன். வியாழக்கிழமையே வெட்டியிருந்தால் என்று யாராவது சொல்வார்களே என்றுதான் முதலில் தோன்றியது. சொல்லவும் செய்தார்கள். சேகரன் சாரின் மைத்துனர் அதற்காகவே காரில் வந்தார்.

ஒயின் வந்தது. மகத்தானது என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் புளிப்புத் தூக்கல், பன்னீரின் வாசனை, வாயில் வைத்தால் பொய் சொல்லாத ருசி. உப்புக் காற்றில் இவ்வளவு முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் கோப்பையை நின்றபடியே குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

வெளியீட்டு விழாவில் மேடையில் பணிக்கருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரியான நேரத்தில் தொடங்கியதால்தான் மழைக்குத் தப்பியது என்று சேகரன் சார் பேசினார். கடலை நாக்கில் கண்டுபிடித்த அந்தப் படித்த மனிதர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டாங்க் அறைக்குப் போய்க் குழாய் கழுவினேன்.

அடுத்த வருஷம்

அடுத்த மகசூல் கறுக்க ஆரம்பித்த சமயம். பந்தலுக்கு அடியில் இருந்தபோது போன் அடித்தது. அப்பா.

"உங்க முதலாளி இங்கே வந்து ஒக்காந்திருக்கார். தட்டு நிறையப் பழம், வெத்தலை பாக்கு எல்லாம் கொண்டு வந்திருக்கார். வெட்டுக்கு நாள் பார்த்துத் தரணுமாம். பணிக்கர் வேண்டாமாம், போன வருஷம் வழி சொன்ன நான்தான் பார்க்கணுமாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு பணிக்கர் போதாதென்று இப்போது என் அப்பாவும். என் பழத்துக்கு என் வீட்டிலிருந்தே ஒரு தேதி வரப்போகிறது. இந்தத் தடவை ஒரு குலையை வெட்டி வைத்துத் தப்பிக்கவும் முடியாது, அந்த வழியைச் சொல்லித் தந்தவரே இப்போது நாள் குறிக்கிறவர். "அப்பா, தயவுசெஞ்சு நீங்களும்—" என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும். கண்ணாடியில எத்தனை காட்டறது?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்னப்பா?"

"சர்க்கரைடி. பழத்துல சர்க்கரை எத்தனை ஏறியிருக்குன்னு கேக்கறேன்."

"பதினாறு."

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தை மூடி வைக்கிற சத்தமும், போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சேகரன் சாரிடம் அவர் மலையாளத்தில் சொன்னதும் கேட்டது.

"சாரே, பழம் பழுத்திட்டில்லா. பழுக்கும்போ அவள் பறயும். அப்போ வரணம்."